சேஸ் இல்லாத வண்டி

இதுதானுங்க நீங்க பாக்க வந்த வண்டி. பின்பக்கம் எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க. வர்றவனெல்லாம் மொதக் கேள்வியா அதைத்தான் கேக்கறான். முன்னால இவ்வளவு நிக்குதே, அதைப் பாக்க ஒருத்தனுக்கும் கண்ணில்ல.

உக்காருங்க தம்பி. அந்த டயர் மேலயே உக்காரலாம், சுத்தமாத்தான் இருக்குது. மெட்ராசுல இருந்து சங்ககிரிக்கு இந்த வெயில்ல வந்திருக்கறீங்க. ஃபோர்டு கம்பெனியோட பழைய இங்கிலீஷ் வண்டி, ஐரோப்பா வண்டி எல்லாத்தப் பத்தியும் புஸ்தகம் எழுதறேங்கறீங்க. நல்ல வேலை. சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கறீங்க. அந்த வண்டிகளப் பத்தி இந்த ஜில்லாவுல இந்த நாச்சிமுத்துக்குத் தெரிஞ்சது வேற எவனுக்கும் தெரியாது. எந்தம்பி அர்த்தநாரிக்கும் தெரியாது. அவனுக்கு ஏறி உக்காந்து போகத்தான் தெரியும்.

இந்த வண்டிய எங்க ஐயன் ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்டத்துத் துரைகிட்ட வாங்குனாரு. ஐயன்னா அப்பாங்க, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். துரை ஊருக்குக் கெளம்பறப்ப டிக்கி நெறைய மோட்டார் பத்திரிகைகளையும் விட்டுட்டுப் போயிட்டான். நான் சேலத்துக் காலேஜுக்கு ரெண்டு வருசம் போனவன். அத்தனையும் படிச்சுப் போட்டேன். அர்த்தநாரி அதுல படம் பாத்ததோட சரி.

கம்பெனி அமெரிக்காக்காரனுது. ஆனா இங்கிலாந்துல ரோடு சிறுசு, பெட்ரோலும் வெலை. அதனால அங்கத்த ஆளுகளுக்குத் தோதா வேற வண்டி செஞ்சாங்க. தேம்ஸ் ஆத்தோரம் டேகன்ஹாம்னு ஒரு ஊரு, அங்கதான் ஃபேக்டரி. மொதல்ல ப்ரிஃபெக்ட், ஆங்லியான்னு சின்ன வண்டிக. நல்ல உழைப்பு, ஆனா ஒரு கம்பீரம் இருக்காது. உலகச் சண்டை முடிஞ்சு கொஞ்ச வருசம் கழிச்சுத்தான் கான்சலும் செஃபரும் வந்துச்சு. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி. கான்சலுக்கு நாலு சிலிண்டரு, செஃபருக்கு ஆறு. செஃபருக்கு மூக்கு நாலு இஞ்சு கூட நீளம். எல்லாரும் ரெண்டும் ஒண்ணும்பாங்க. ஒண்ணு ஆவுமுங்களா? அண்ணன் அண்ணன்தான், தம்பி தம்பிதான்.

இது செஃபர்.

பொறகு ஸோடியாக், கார்ட்டினா எல்லாம் வந்துச்சு. அந்தப் பக்கம் ஜெர்மனியில கொலோன்னு ஒரு ஊருல அதே கம்பெனி டௌனஸ்னு தனியா ஒண்ணு செஞ்சுட்டு இருந்தது. இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் ஒருத்தனை ஒருத்தன் குண்டு போட்டுக் கொன்ன ஆளுக. ஒரு நாளு மேல இருக்கறவன் வந்து, இனிமே தனித்தனியாச் செய்யாதீங்க, ஒட்டுக்காச் செய்யுங்கன்னான். உடனே ரெண்டு பேரும் சேந்துட்டானுங்க. எஸ்கார்ட் செஞ்சாங்க, காப்ரி செஞ்சாங்க. ரெண்டு நாட்டு ஃபேக்டரியில இருந்தும் ஒரே காப்ரி வந்துச்சு. உங்க புஸ்தகத்துல அதைப் பெருசா எழுதுவீங்க, தெரியும். எனக்கு அந்த வண்டியே ஆகாதுங்க. ரெண்டு பேரு கை பட்ட வண்டி. ரோசம் உள்ளவன் எவனாச்சும் அதுல ஏறுவானா?

சரி. பின்பக்கம்.

எங்க ஐயனுக்கு லாரித் தொழிலு. இந்த ஊர்ல லாரின்னா அது ரெண்டு பொருளுங்க. கம்பெனியில இருந்து வர்றது சேஸ். நீளமா ரெண்டு இரும்புச் சட்டம், அதுல இஞ்சினு, சக்கரம். அவ்வளவுதான். அதை இங்க கொண்டாந்து நிறுத்தி மேல மரம், தகரம் வெச்சு நாம பாடி கட்டோணும். அதனால பங்காளிக லாரியப் பங்கு பிரிக்கறப்ப, ரெண்டு பேருக்கும் ஒத்துவரலீன்னா, சேஸ் ஒருத்தனுக்கு, பாடி ஒருத்தனுக்குன்னு சொல்லிப் போடுவாங்க. எவனாச்சும் ஒருத்தன் மனசு எறங்கி விட்டுக் குடுப்பான். அதுக்காகச் சொல்றதுதான்.

ஐயன் போன பொறகு பாகம் பிரிக்க உக்காந்தோம். காடு தோட்டம் பிரிஞ்சுது, லாரிக பிரிஞ்சுது, இந்த ஷெட்டு எனக்கு வந்துச்சு. காருல வந்து நின்னு போச்சு. எனக்குத்தான்னு நான் நின்னேன். தனக்குத்தான்னு அவன் நின்னான். எங்க மாமன், பேரு சின்னண்ணன், அவருதான் பெரிய மனுசனா உக்காந்திருந்தாரு. வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாரு, "இதுக்கெதுக்குடா இத்தனை கூச்சல்? சேஸ் மூத்தவனுக்கு, பாடி சின்னவனுக்கு. பேசித் தீத்துக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்துட்டுதுங்க. அடக்கிக்கிட்டேன். செஃபருக்கு ஏதுங்க சேஸு? குனிஞ்சு அடியில பாருங்க, சட்டமே இருக்காது. அந்தக் கம்பெனி இங்கிலாந்துல பாடியையே சேஸாச் செஞ்ச மொத வண்டிகளே கான்சலும் செஃபரும்தான். மேல இருக்கற தகரம், தளம், கதவு நிக்கற தூணு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. மாமனுக்கு அதெங்க தெரியும்? அவரு பாத்ததெல்லாம் லாரிதான். பாடியேதான் சேஸுன்னா, சேஸ் எனக்குன்னு சொன்னது வண்டியே எனக்குன்னு சொன்ன மாதிரி. சரிங்க மாமான்னுட்டேன்.

அவனும் சரீன்னுட்டான். எனக்கு அப்பவே சந்தேகம். பொறகுதான் தெரிஞ்சுது, அவனும் குனிஞ்சு பாத்திருக்கறான். சேஸே இல்லாத வண்டியில அண்ணனுக்கு என்ன பங்கு, எல்லாம் பாடிதானே, வண்டியே நம்மளுதுன்னு நெனைச்சிருக்கறான். அதாவது கூடப் பொறந்தவனையே ஏமாத்தலாம்னு உக்காந்திருக்கறான். எப்பேர்ப்பட்ட மனசு பாத்தீங்களா? அது தெரிஞ்ச அன்னைக்கே எனக்கு வெறுத்துப் போச்சு.

வண்டி எனக்கு வந்த ஷெட்டுலயேதான் நின்னுச்சு. அவன் வந்து வந்து பாப்பான். தொடைப்பான். நான் ஒண்ணும் சொல்லல. தொடைச்சா நல்லதுதானே.

அப்பறம் அவன் மக வளர்மதிக்குக் கல்யாணம் கூடிச்சு. பத்திரிகை வெக்கப் புருசன், பொண்டாட்டி, புள்ளைன்னு மூணு பேரும் வந்தாங்க. தட்டை வெச்சுட்டு அவன் சொல்றான், "அண்ணா, மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம ஐயன் வண்டியிலதாண்ணா மாப்பிள்ளை வரோணும். நீங்க ஓட்டிக்கிட்டு வந்தீங்கன்னா ஊரே பாக்கும்."

கேட்டீங்களா? என்னை ஓட்டிக்கிட்டு வரச் சொல்றான். பொண்ணுக்குப் பெரியப்பனை, மாப்பிள்ளைக்கு டிரைவரா! சபையில முன்னால நிக்க வேண்டியவனை ஸ்டீரிங்குக்குப் பின்னால உக்காரச் சொல்றான். இதை எந்த மானமுள்ளவன் தாங்குவான், நீங்களே சொல்லுங்க. முடியாதுன்னுட்டேன். அந்தப் புள்ளை, "பெரியப்பா, எனக்காக"ன்னு குனிஞ்சு கால்ல விழுந்தா. நான் காலை உதறுனேன். அது அவ வாயில பட்டு ஒதடு கிழிஞ்சு போச்சு. வேணும்னு பண்ணலீங்க. கால்ல வந்து விழுந்தா மனுசன் காலை எடுக்கத்தானே செய்வான். அந்தத் தழும்போடதான் அவ தாலி கட்டிக்கிட்டான்னு அவங்கம்மா பாவாயி இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டுத் திரியறா.

அழைப்பு அன்னைக்கு நான் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து அர்த்தநாரி ஷெட்டுப் பூட்டை ஒடைச்சு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். திருட்டுத்தானுங்களே அது? நான் வந்து பாத்தேன். வெறும் எடம். நின்னுட்டு இருந்த லாரிய எடுத்தேன். பிள்ளையார் கோயில் திருப்பத்துல மேளச் சத்தம். வண்டி நெறைய மல்லிப்பூ. உள்ளார மாப்பிள்ளை, அவன் சேக்காளிக. அவன் ஓட்டறான். நான் லாரியக் குறுக்க விட்டேன். அவன் பிரேக் போட்ட சத்தம் கேட்டுது. இன்னும் ஒரு சாண் விட்டிருந்தான்னா முன்பக்கம் போயிருக்கும். அந்த மாதிரி ஆளுகிட்ட இந்த வண்டிய எப்படிங்க குடுக்கறது?

எறங்குனேன். கையில வீல் ஸ்பேனர் இருந்துச்சு. எப்ப எடுத்தேன்னு எனக்கே தெரியாது. "எறங்குடா"ன்னேன். "அண்ணா, மாப்பிள்ளை உக்காந்திருக்கறாரு, நாளைக்குப் பேசிக்கலாம்"னான். ஸ்டீரிங்க ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சிருந்தான். ஜன்னல் வழியா ஸ்பேனரை விட்டு அதுல ஒரு கை மேல போட்டேன். ஒரு போடு. அப்பறம் இன்னொண்ணு. வெரலு முறியற சத்தம் சுள்ளி ஒடைக்கறாப்பல கேட்டுது. இந்த வண்டிக்குக் கியர் கம்பி ஸ்டீரிங்கை ஒட்டித்தான் இருக்குமுங்க, பாருங்க, இதா. நீங்களே தொட்டுப் பாருங்க. ஒரு கீறல் இருக்குதா? அது மேல படாம பாத்துத்தான் அடிச்சேன். கோவத்துலயும் எனக்கு நெதானம் உண்டு.

அவன் சும்மா இருக்கலீங்க. கதவைத் தள்ளிக்கிட்டு வந்து தலையாலயே என்ற மூஞ்சியில முட்டுனான். முன்னால ரெண்டு பல்லு போச்சு, இதா, இது ரெண்டும் கட்டுன பல்லுதான். கீழ உருண்டோம். நான் அவன் கழுத்தைப் பிடிச்சேன். அவன் ஒடைஞ்ச கையால அடிக்கறான், அடிக்கறப்ப அவனே கத்தறான். மேளக்காரங்க ஓடிட்டாங்க. நாலு பேரு வந்து பிரிச்சு விட்டாங்க. மாப்பிள்ளை எறங்கி, செருப்புல ரத்தம் படாம ஒதுங்கி, மண்டபத்துக்கு நடந்தே போயிட்டாரு. நான் மாலை கட்டுன வண்டியில ஏறி வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வந்தேன். வழி நெடுக்க சனம் பாத்துச்சு.

ஆச்சா. அதோட விட்டிருப்பேனுங்க. ஆனா சொந்தக்காரனெல்லாம் அவனுக்குத்தான் பரிஞ்சு பேசறான். மாமன் சின்னண்ணன் ஆள் விட்டாரு, பாடி அவனுதுதானே, குடுத்துப் போடுன்னு. எல்லாரும் அவனுக்குப் பங்கு பங்குங்கறாங்களே, சரி, பங்கைக் குடுத்துடறேன்னு முடிவு பண்ணுனேன். காத்தால கேஸ் கட்டரை உருட்டியாரச் சொன்னேன். லாரித் தகரம் அறுக்கறது எனக்குப் பழக்கந்தான். நடுவுல சுண்ணாம்புக் கோடு போட்டேன். முன்னால பாதி எனக்கு, பின்னால பாதி அவனுக்கு. இதைவிட நாயமா எந்தக் கோர்ட்டு பிரிக்கும்? வந்து வாங்கிட்டுப் போன்னு சொல்லி விட்டேன்.

வந்தான். கையில மாவுக்கட்டு. கோட்டைப் பாத்தான், கட்டரைப் பாத்தான். "ஐயன் வண்டிண்ணா"ன்னான். "நீங்களே வெச்சுக்குங்கண்ணா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், அறுக்காதீங்க"ன்னான். அப்ப எனக்கு இன்னும் கோவம் ஏறிப்போச்சு. என்ற வண்டிய எனக்கே தானம் குடுக்கறானாமா! நான் கட்டரைப் பத்த வெச்சேன். அவன் பின்கதவைத் திறந்து ஏறி சீட்டுல உக்காந்துக்கிட்டான். "அறுக்கறதுன்னா என்னையும் சேத்தி அறுங்க"ன்னான்.

சொல்லிட்டுச் சிரிச்சானுங்க. நான் அறுக்க மாட்டேன்னு அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

கூரையில இருந்து ஆரம்பிச்சேன். கட்டரு பிடிச்சவன் நடுவுல நிறுத்தப்படாது, கோடு கோணிக்கும். கூரை முடிஞ்சு நடுத்தூணுக்கு வந்தேன். ரெண்டு பக்கமும் தூணு போச்சு. அப்பறம் கீழ தளம். நாஞ்சொன்னேனுங்களே, இதுக்கு சேஸ் கெடையாது, எல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குதுன்னு. தூணு போனா வண்டி நடுவுல தொங்கும். தொங்குனா கதவு இறுகிக்கும். அது எனக்குத் தெரியும், பத்திரிகையில படமே போட்டிருந்தான். லாரியா இருந்திருந்தா அவன்பாட்டுக்குக் கதவைத் திறந்துக்கிட்டு எறங்கியிருப்பான். அந்த அமைப்பு அப்படி. அதுக்கு நான் என்ன பண்றது?

டேங்கைக் காலி பண்ணச் சொல்லியிருந்தேன். பண்ணுனாங்களான்னு நான் போய்ப் பாக்கல. குழாயில கொஞ்சம் நின்னிருக்கும் போல. தளத்துல தீப்பொறி விழுந்ததும் குப்புன்னு பிடிச்சுக்கிச்சு. சீட்டுக்குள்ளார நாருதானுங்க, அது பிடிச்சா நிக்காது. அவன் கதவை இழுக்கறான், வரல. இந்தப் பக்கம் இழுக்கறான், வரல. ஒத்தக் கைதானே. "அண்ணா"ன்னு கத்துனான். அண்ணா அண்ணான்னு அதையேதான் கத்துனான், வேற பேச்சே இல்ல. ஷெட்டு ஆளுக பின்கண்ணாடிய ஒடைச்சு அது வழியா இழுத்தாங்க. தோளு வந்துச்சு, இடுப்பு வந்துச்சு, காலு முன்சீட்டுக்கு அடியில மாட்டியிருந்துச்சு. முட்டிக்குக் கீழ ரெண்டும் எரிஞ்சு போச்சு. கறி கருகுற வாசம் இந்த ஷெட்டுல ரொம்ப நாளைக்கு இருந்துச்சு. சாம்பிராணி போட்டும் போகல.

ஆனா ஒண்ணு. கட்டர் வால்வை மூடுனது நான்தான். அதை எவனும் சொல்றதில்ல. மூடலீன்னா சிலிண்டரே வெடிச்சிருக்கும், எல்லாரும் போயிருப்போம்.

சேலம் பெரியாஸ்பத்திரியில ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க. போலீசு போயிக் கேட்டதுக்கு அவன் என்ன சொன்னாங்கறீங்க? "பேட்டரி ஒயர்ல பொறி வந்து பத்திக்கிச்சுங்க. எங்கண்ணன்தான் என்னைய இழுத்து வெளிய போட்டாரு"ன்னு சொல்லியிருக்கறான். பொய்யிங்க! பச்சைப் பொய்யி! நான் இழுக்கவே இல்ல. பேட்டரிய நான் அதுக்கு முந்தியே கழட்டி மேஜை மேல வெச்சுட்டேன். வண்டியப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதவன் வாயில வேற என்ன வரும்? ஊரெல்லாம் எப்பேர்ப்பட்ட தம்பீன்னுச்சு. அவனுக்கு அதுதானே வேணும். என்னைய ஆயுசு பூராவும் தலை குனிய வெக்கறதுக்குச் சொன்ன வார்த்தை அது. நான் குனியலீங்களே.

என்ற சம்சாரம் எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போனா. தெரிஞ்சதும் தூக்குப்போசியப் பிடுங்கி அதாலயே ரெண்டு சாத்து சாத்துனேன். இப்ப ஈரோட்டுல மகன்கிட்ட இருக்கறா. பேத்தியப் பாத்துக்கறதுக்கு ஆளு வேணுமாம். பேத்திக்கே கல்யாணம் ஆயிப்போச்சு, இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறா.

தீ அணைஞ்ச பொறகு மிச்சத்தையும் அறுத்து முடிச்சேன். பின்பாதிய லாரியில ஏத்தி அவன் வீட்டு வாசல்ல எறக்கச் சொன்னேன். வார்த்தை மாறாதவன் நான். அதுக்கப்பறம் அவனை நான் பாக்கல. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கறான். நான் அந்தப் பக்கம் போறதில்ல, அவனால இந்தப் பக்கம் வர முடியாது.

முன்பக்கத்தப் படம் எடுங்க தம்பி. கிரில்லைப் பாருங்க, பளபளன்னு வெச்சிருக்கறேன். தெனமும் தொடைப்பேன். ரெண்டு பாதியையும் ஒட்டுக்கா நிறுத்தி ஒரு படம் எடுக்கலாமான்னா கேக்கறீங்க? அந்தப் பாதி இன்னும் இருக்குதுன்னு உங்களுக்கு எப்படி... இருங்க. காத்தால பஸ்சை விட்டு எறங்கி நேரா இங்க வரலீங்களா நீங்க? அங்க போயிட்டா வந்தீங்க?

அங்கயும் படம் எடுத்தீங்களா? போனைக் குடுங்க. பாக்கறேன், குடுங்க.

இதுதான் அவனா? தலை பூரா நரைச்சுப் போச்சு. சக்கர நாற்காலியா அது. சரி. இது பின்பாதி. எரிஞ்ச தகரத்தைத் தட்டி எடுத்துக் கறுப்புப் பெயிண்டு அடிச்சிருக்கறான். கண்ணாடி புதுசு. இத்தனை பெரிய ஷெட்டு எதுக்குங்க? பாதி வண்டிக்கு முழு வண்டி நிக்கற நீளத்துக்குக் கட்டி வெச்சிருக்கறானே. முன்னால இந்த எடம் எதுக்குக் காலியாக் கெடக்குது? சிமிண்டு போட்டு, கூட்டி, கோலம் வேற போட்டிருக்குது.

என்ன சொன்னான்? சொல்லுங்க தம்பி, அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்க.

"அண்ணனுக்குன்னு விட்டு வெச்சிருக்கற எடம். மனசு வந்தா கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்க. இல்லீன்னா வெறும் ஆளா வந்து உக்காந்துட்டுப் போனாலும் போதும்." இப்படியா சொன்னான்? உங்களை மெட்ராசுல இருந்து வரவெச்சு இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கறானா?

பாத்தீங்களா அவன் புத்திய! காலு போயும் ஆசை போகல. என்ற பாதிக்குச் சிமிண்டுத் தளம் போட்டு வெச்சுட்டு, இவன் எப்ப சாவான், எப்ப தள்ளிக்கிட்டு வரலாம்னு உக்காந்திருக்கறான். நான் கண்ணை மூடுன மறு நாளே எல்லாரும் சேந்து இதைக் கொண்டுபோய் அங்க நிறுத்திப் போடுவாங்க. ஒட்ட வெச்சுப் படம் எடுத்து நீங்களும் புஸ்தகத்துல போடுவீங்க. அண்ணன் தம்பி வண்டீன்னு.

அந்த மூலையில சம்மட்டி கெடக்குது, எடுங்க. எடுக்க மாட்டீங்களா? சரி, நானே எடுத்துக்கறேன். இன்னும் தெம்பு இருக்குது.

அக்கட்டால தள்ளி நில்லுங்க தம்பி, கண்ணாடி தெறிக்கும். கையப் பிடிக்காதீங்க. விடுங்க, உங்க மேலயும் பட்டுடும், அப்பறம் என்னைச் சொல்லக்கூடாது. படம் எடுக்கத்தானே வந்தீங்க? எடுங்க. மொதல்ல கிரில்லு, அப்பறம் பானெட்டு. ஒவ்வொரு அடிக்கும் ஒண்ணு எடுங்க. எடுத்துட்டுப் போய் அவங்கிட்டக் காட்டுங்க. அந்த எடம் காலியாவே கெடக்கட்டும்.